வால் இல்லாத வௌவால்: மேகமலையில் பிடிபட்டு 24 ஆண்டுகள் பெட்டிக்குள் காத்திருந்த கதை

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் விவசாயியிடம் வௌவாலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வாங்குவது கஷ்டம். மருந்தும் உரமும் ஆள்கூலியும் கொடுத்து வளர்த்த குலை பழுக்கும் நேரத்தில், ராத்திரியோடு ராத்திரியாக வந்து தின்றுவிட்டுப் போகிறது. கொய்யா, சப்போட்டா, மா வைத்திருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ‘வௌவாலை விரட்ட என்ன வழி?’ என்ற கேள்வி நம் கேள்வி-பதில் பக்கத்துக்குப் புதிதில்லை. அதற்கான பதிலைக் கட்டுரையின் பின்பகுதியில் பார்ப்போம். முதலில், அதே பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் மலையில், ஒரு காபித் தோட்டத்தில், 1948-ம் ஆண்டு பிடிபட்ட ஒரு வௌவாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் வருவது மேகமலை. பழைய ஆட்கள் பச்சக்குமாச்சி என்பார்கள். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ஹை வேவி மலை. உச்சியில் தேயிலை, சரிவுகளில் காபியும் ஏலமும், இவற்றுக்கு இடையிலும் பின்னாலும் சோலைக்காடு. இந்த மலைத் தொடரின் வருசநாட்டுப் பக்கம்தான் வைகை பிறக்கிறது. பளியர் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் காடு இது.

நாடு விடுதலை அடைந்த காலத்தில் இந்த மலையில் தோட்ட வேலையில் இருந்தவர் ஆங்கஸ் ஹட்டன் என்ற பிரிட்டிஷ் இளைஞர். தோட்ட வேலை போக மீதி நேரமெல்லாம் காட்டு உயிர்களைத் தேடுவதிலேயே போனது அவருக்கு. பாம்பு, எலி, அணில், வௌவால் என்று கண்ணில் பட்டதைச் சேகரித்து, அளந்து, குறித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். மேகமலையின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1949-ல் அந்தச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. அவர் பிடித்த ஒரு விரியன் பாம்புக்கு, மால்கம் ஸ்மித் என்ற பாம்பியல் அறிஞர் அதே ஆண்டில் ஹட்டனின் பெயரையே வைத்தார்.

அவர் அனுப்பியவற்றில் ஒன்றுதான் அந்த வௌவால். சுமார் 2,500 அடி உயரத்தில், காபித் தோட்டத்தில் கிடைத்தது. பழம் தின்னும் வகை, கைக்குள் அடங்கும் அளவு. நம் ஊர்த் தோப்புகளில் சர்வசாதாரணமாகத் திரியும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று அதை முடிவுகட்டினார்கள். அந்தப் பெயரிலேயே பம்பாயில் பெட்டிக்குள் போனது.

சீட்டு இல்லாத தோல் வெறும் தோல்

இந்தச் சேகரிப்பு வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் இரண்டு பறவையைச் சுட்டு வருவது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுடுவது அதில் மிகச் சிறிய பங்கு. கூடாரத்துக்குத் திரும்பிய பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கும்.

எலி, மூஞ்சூறு போன்றவற்றுக்குச் சாயங்காலமே பொறி வைப்பார்கள். மரத்தின் வேர் இடுக்கு, விழுந்துகிடக்கும் மரத்தின் அடி, ஓடைக்கரைப் பாறைச் சந்து என்று இடம் பார்த்து வைக்க வேண்டும். வீட்டில் எலிப்பொறிக்கு நாம் வைக்கிற சுட்ட தேங்காய்த் துண்டுதான் காட்டிலும் நல்ல இரை. விடியும் முன்னே போய்ப் பார்க்காவிட்டால் பிடிபட்டதை எறும்பு முடித்துவிடும். ஒவ்வொரு பொறியையும் எங்கே வைத்தோம் என்பதற்கு அடையாளம் கட்டிவைக்க வேண்டும். மழைக்காட்டில் நேற்று நடந்த தடம் இன்றைக்கு இருக்காது.

கிடைத்த உடலை உடனே அளக்க வேண்டும். மூக்கு முதல் வால் தொடங்கும் இடம் வரை, வால், பின்னங்கால் பாதம், காது. வௌவால் என்றால் முன்கை எலும்பின் நீளம். பிறகு வயிற்றுப் பக்கம் சிறிதாகக் கீறி, சட்டையைக் கழற்றுவதுபோலத் தோலை உரித்தெடுத்து, பூச்சி அரிக்காமல் இருக்கப் பாஷாணக் கலவையை உள்பக்கம் தடவி, பஞ்சை அடைத்துத் தைத்துவிடுவார்கள். இதைத்தான் பாடம் செய்வது என்கிறோம். மண்டை ஓட்டைத் தனியே சுத்தம் செய்து, தோலுக்குக் கொடுத்த அதே எண்ணை அதற்கும் கட்டுவார்கள். பறவை என்றால் இரைப்பையைத் திறந்து என்ன தின்றிருக்கிறது என்றும் எழுதுவார்கள். சமவெளியில் கழுகு காய்ந்துபோகும் வெயிலில் இதெல்லாம் எளிது. மேகமலை மாதிரி மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் இருக்கும் இடத்தில் தோல் காயாது, பூஞ்சணம் பிடிக்கும், முடி கொட்டும். ஏலக்காயை ஸ்டோரில் வைத்துக் காயவைக்கிறவர்களுக்கு அந்த ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அடுப்புக்கு மேலே தட்டுக் கட்டி, கருகவும் விடாமல் அழுகவும் விடாமல் காயவைத்து எடுக்க வேண்டும்.

கடைசியாகக் காலில் ஒரு சீட்டு. பிடித்த இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, ஆணா பெண்ணா, அளவுகள், பிடித்தவர் பெயர். மை நீரில் கரையாததாக இருக்க வேண்டும். இந்தச் சீட்டு போய்விட்டால் அந்தத் தோலால் அறிவியலுக்குக் காலணாப் பயன் கிடையாது. நம் விதை வங்கிகளில் ஊர்ப்பெயர், ஆண்டு எழுதாத பானை நெல் எப்படியோ, அப்படித்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. எந்த மரப்பொந்தில் எது இருக்கும், எந்தப் பாறையில் எது அடையும் என்பது காட்டில் வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த அளவுக்குச் சேகரிக்க வந்தவர்களுக்குத் தெரியாது. பழங்குடி மக்கள் காட்டிக்கொடுத்தும் பிடித்துக்கொடுத்தும்தான் அந்தக் காலத்து அருங்காட்சியகங்களின் பெட்டிகள் பல நிரம்பின. சீட்டில் அவர்கள் பெயருக்கு இடமில்லை.

மிளகு எலியும் சலீம் அலியும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படிச் சேகரிக்கப்பட்ட சிறு விலங்குகளில் மிளகு விவசாயிகளுக்கு நெருக்கமான ஒன்று உண்டு. முதுகில் முள்போன்ற தடித்த முடியும், குஞ்சம் கட்டியதுபோல வாலும் கொண்ட ஒரு மரஎலி. பழுத்த மிளகைத் தின்பதால் தோட்டக்காரர்கள் மிளகு எலி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1859-ல் எட்வர்ட் பிளைத் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இந்த மலைகளைத் தவிர உலகில் வேறு எங்கும் இது கிடையாது. களக்காடு மலையின் காக்காச்சிப் பகுதியில் ஆய்வு செய்தவர்கள், வெடிபலா மரத்தின் பூக்களைத் தேடி இந்த எலி இரவில் வருவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வௌவால்களும் அதே பூவுக்கு வருகின்றன. வெடிபலா காய்த்தால்தான் சோலைமந்திக்குச் சாப்பாடு. மிளகுக் கொடியில் திருடனாகத் தெரிவது, அரை மைல் தள்ளிக் காட்டுக்குள் வேறு வேலையில் இருக்கிறது.

பறவைகள் பக்கம் பார்த்தால், இந்த மலைகளுக்கு வந்த பெயர் சலீம் அலி. 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தவர் மறையூர், மூணாறு, குமுளி, தட்டேக்காடு என்று முகாம் மாற்றி மாற்றிப் போனார். குமுளி நம் கம்பத்துக்கு மேலே இருக்கும் ஊர்தான். மனைவி தெஹ்மினாவும் கூடவே வந்தார். பறவையைச் சுட்டுத் தோலெடுப்பது அவருக்கும் வேலையின் ஒரு பங்காக இருந்தது. ஆனால் செத்த தோலைவிட உயிரோடு இருக்கும் பறவை எங்கே கூடு கட்டுகிறது, எந்தப் பழத்தைத் தின்கிறது, எந்தப் பூவில் தேன் குடிக்கிறது என்பதைக் கவனிப்பதில்தான் அவருடைய நாட்டம் இருந்தது. தட்டேக்காட்டை அவர் அப்போதே மிகவும் உயர்த்திச் சொன்னார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1983-ல், அது பறவைகள் சரணாலயமானது.

பறவையின் இரைப்பையைத் திறந்து பார்ப்பது விவசாயத்துக்கு நேராகப் பயன்பட்ட கதையும் உண்டு. பீகாரில் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மேசன், மேக்ஸ்வெல் லெஃப்ராய் இருவரும் பறவைகளின் இரைப்பையில் இருந்தவற்றைப் பிரித்துப் பார்த்து, எது தானியம் தின்கிறது, எது புழு தின்கிறது என்று 1912-ல் ஒரு பெரிய அறிக்கையே வெளியிட்டார்கள். கரிச்சான் உட்கார வயலில் குச்சி நடச் சொல்லும் இன்றைய ஆலோசனைக்குப் பின்னால் இப்படிப்பட்ட வேலைகள் இருக்கின்றன.

பல்லைப் பார்த்தவர்

மறுபடி பம்பாய்ப் பெட்டிக்கு வருவோம். தாய்லாந்தைச் சேர்ந்த விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா, வௌவால்களைக் கரைத்துக் குடித்தவர். சங்கத்தின் சேகரிப்பை ஆராய்ந்தபோது, குட்டைமூக்கு வௌவால் என்று எழுதியிருந்த ஹட்டனின் வௌவால் அவர் கண்ணில் உறுத்தியது. குட்டைமூக்கு வௌவாலுக்குச் சின்னதாக ஒரு வால் இருக்கும். இதற்கு வாலே இல்லை. மண்டை ஓட்டை எடுத்து வாயைப் பார்த்தார். குட்டைமூக்குக்கு முன்பல் மேலே நான்கு, கீழே நான்கு. இதற்கு மேலே இரண்டு, கீழே இரண்டு மட்டும்.

இது வேறு இனம் என்பது மட்டுமில்லை, வேறு பேரினமே என்று அவர் முடிவுக்கு வந்தார். விவசாயிக்குப் புரியும்படி சொன்னால், வெள்ளைப் பொன்னிக்குப் பதில் கிச்சிலிச் சம்பா என்பது போன்ற வித்தியாசம் இல்லை, நெல் என்று வைத்திருந்த பானையில் வரகு இருந்த மாதிரி. 1972-ல் அந்த வௌவாலுக்கு லாட்டிடென்ஸ் சலீமலீ என்று பெயர் வைத்தார். முதல் சொல்லுக்கு அகன்ற பல் என்று பொருள். இரண்டாவது, சலீம் அலிக்கு மரியாதை. வாழ்நாளெல்லாம் பறவை பார்த்தவர் பெயர் கடைசியில் ஒரு வௌவாலுக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் தோங்லோங்யா இறந்துபோனார். அவர் கண்டெடுத்த, இரண்டு கிராம் எடையே உள்ள, உலகின் மிகச் சிறிய வௌவாலுக்கு 1974-ல் அவருடைய பெயரையே சூட்டினார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஹட்டனின் சீட்டுதான். வௌவாலின் பெயர் 24 ஆண்டுகள் தப்பாக இருந்தது. ஆனால் மலையின் பெயரும், உயரமும், காபித் தோட்டம் என்பதும் சரியாக எழுதப்பட்டிருந்தன. அதனால்தான், இந்த வௌவாலை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும் என்பது பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது. 1993-ல் பம்பாய் சங்கத்தைச் சேர்ந்த மனோஜ் முனியும், இங்கிலாந்தின் ஹாரிசன் விலங்கியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பால் பேட்ஸ், டேவிட் ஹாரிசன் ஆகியோரும் மேகமலைக்கே வந்து வலை கட்டினார்கள். 45 ஆண்டுகள் கழித்து அது மறுபடியும் கிடைத்தது. இந்த முறையும் காபித் தோட்டத்தில்தான். அதன் பிறகு களக்காடு முண்டந்துறை மலையிலும், கேரளப் பக்கத்துப் பெரியாறு காடுகளிலும் இருப்பது தெரியவந்தது. இருட்டான குகைகளில், பாறை இடுக்குகளில் அடைகிறது. காட்டு அத்தி வகைகள், உருத்திராட்ச மரத்தின் உறவான சில சோலை மரங்கள் இவற்றின் பழங்களைத் தின்கிறது.

ஒரு உயிரைக் கொன்றுதானே இதெல்லாம் தெரிந்தது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் காலத்தில் சிலர் தேவைக்கு மிஞ்சி, ஒரே இனத்தைக் குவியல் குவியலாகச் சுட்டுத் தள்ளியதை நியாயப்படுத்த முடியாது. ஹட்டனின் அந்த ஒரு வௌவால் விஷயத்தில் என் கணக்கு வேறு. அது பெட்டிக்குள் போகாமல் இருந்திருந்தால், மேகமலையில் மிச்சமிருக்கும் வௌவால்கள் இன்றைக்கும் வெறும் ‘பழந்தின்னி’தான். இப்போது முறை மாறிவிட்டது. தலைமுடி போன்ற மெல்லிய நூல் வலையைக் கட்டி, அருகிலேயே உட்கார்ந்திருந்து, விழுந்ததை உடனே கையுறையோடு எடுத்து, அளந்து, படமெடுத்து, இறக்கையிலிருந்து மரபணுச் சோதனைக்கு ஒரு துளித் தோல் எடுத்துக்கொண்டு பறக்கவிடுகிறார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இதைக்கூடச் செய்ய முடியாது.

சட்டம் வைத்த பெயர்

தோங்லோங்யா புதுப் பெயர் வைத்த அதே 1972-ல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதில் காகம், எலி, சுண்டெலி இவற்றோடு பழந்தின்னி வௌவால்களையும் மொத்தமாகத் தொல்லை உயிர்கள் பட்டியலில் போட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் கொல்லலாம். உலகத்திலேயே தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கும் சலீம் அலி வௌவாலும் அந்தக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. பிறகு ஆய்வாளர்களின் தொடர்ந்த வற்புறுத்தலால், புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணைக்கு அதை மாற்றினார்கள். 2022-ல் சட்டம் திருத்தப்பட்டபோது, தொல்லை உயிர்களுக்கென்று இருந்த தனி அட்டவணையே எடுக்கப்பட்டது. மேகமலையும் திருவில்லிபுத்தூர்க் காடும் சேர்ந்து 2021 முதல் புலிகள் காப்பகம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக நடந்த வௌவால் ஆராய்ச்சிகள் உலக அளவில் பேசப்பட்டவை. நம் தோப்பு வௌவால்கள் இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதும், பழங்களைத் தூக்கிப்போய்த் தின்று விதைகளைத் தூரத்தில் போடுவதும் அப்படிப்பட்ட ஆராய்ச்சிகளில் தெளிவானவை. வௌவால் அடையும் மரத்தடியில் சதை நீங்கிய இலுப்பை விதையைப் பொறுக்கிய அனுபவம் பெரியவர்களுக்கு இருக்கும். மதுரைப் பக்கத்துப் புளியங்குளத்தில், ஆலமரத்தில் தொங்கும் பெரிய வௌவால்களை முனியாண்டிக்கு உரியவை என்று ஊரே காப்பாற்றிவந்ததை அங்கே ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சரி, திராட்சைக்கும் கொய்யாவுக்கும் வழி என்ன? பட்டாசு, புகை, தகரத் தட்டு எல்லாம் நான்கு நாளைக்குத்தான். பிறகு பழகிவிடும். மீன்வலையையும் பழைய நைலான் வலையையும் தொளதொளவென்று மரத்தின் மேல் போடுவது மிக மோசம். வௌவாலோடு ஆந்தையும் பாம்பும் சிக்கிச் சாகும். ஆந்தை போனால் எலி கூடும். சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சிறிய கண் உள்ள வெள்ளை வலையைச் சட்டம் கட்டி இறுக்கி இழுத்துக் கட்டினால், உயிர்கள் சிக்காது, பழமும் தப்பிக்கும். முழுத் தோப்புக்கும் கட்டுப்படியாகாவிட்டால், குலைக்கும் கொய்யாக் காய்க்கும் உறை போடலாம். வேலியோரம் ஒரு அத்தி, ஒரு நாவல் விட்டுவையுங்கள். பாதிப்பை அது முழுதாக நிறுத்திவிடும் என்று சொல்ல மாட்டேன். மலைத் தோட்டக்காரர்களுக்கு இன்னொன்று. காபிக்கும் ஏலத்துக்கும் நிழலுக்கு இருக்கும் காட்டு மரங்களை வெட்டி, எல்லாவற்றுக்கும் பதில் சில்வர் ஓக் வைத்தால், பழம் தின்னும் எதற்கும் அங்கே வேலை இருக்காது.

2018-ல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்த பிறகு, வௌவால் என்றாலே பயப்படுகிறார்கள். கடித்த தடமுள்ள பழத்தைச் சாப்பிட வேண்டாம், பிள்ளைகளையும் பொறுக்கவிட வேண்டாம். வௌவால் அடையும் கிணறு, குகைக்குள் காரணமில்லாமல் போக வேண்டாம். மரத்தை வெட்டியும் வெடி போட்டும் கலைத்தால், அவை கலவரப்பட்டுப் புது ஊர்களுக்குப் பரவும். அதனால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

மேகமலை, வருசநாடு, களக்காடு மலைகளில் தோட்டம் வைத்திருக்கும் வாசகர்கள், செத்துக் கிடக்கும் சிறிய பழந்தின்னி வௌவாலைப் பார்த்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். காதின் ஓரம் வெளிறிய கோடாக இருக்கிறதா, கால்களுக்கு நடுவே குட்டை வால் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று குச்சியால் விலக்கிப் பாருங்கள். இரண்டும் இருந்தால் நம் ஊர்க் குட்டைமூக்கு. வால் இல்லையென்றால், தேதியையும் தோட்டத்தில் எந்த இடம் என்பதையும் உயரத்தையும் எழுதிவைத்துக்கொண்டு, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.